தையல் மேசையிலிருந்து வந்த உதவிப் பொருட்கள்: ஒரு மருத்துவரின் கருத்து

என் ஆலோசனை அறையின் மேசையில், நோயாளிகளின் கோப்புகளுக்குப் பக்கத்தில், நீல நிறப் பனியன் துணியால் தைத்த சிறு தலையணை ஒன்று கிடக்கிறது. பள்ளிக்கூடப் பென்சில் பையைவிடச் சற்றுப் பெரியது. கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். தாள்கள் பறக்காமல் இருப்பதற்காக வைத்த பொருள் என்றே பெற்றோர்களில் பலர் எண்ணுகிறார்கள். குழந்தைகள் அப்படி எண்ணுவதில்லை. நாற்காலியில் அமர முடியாமல் அறையைச் சுற்றிவரும் குழந்தை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடங்கள் அமர்ந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தொட்ட மறுகணமே தூக்கி எறிந்த குழந்தைகளும் உண்டு.

அதைத் தைத்தவர் திருப்பூரில் வசிக்கும் ஒரு தாய். என்னிடம் வரும் சிறுவன் ஒருவனின் அம்மா. பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் அமர்ந்து பல ஆண்டுகள் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர். மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபின் அந்த வேலையை விட்டார். இன்று வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஆட்டிசம், ஏடிஹெச்டி போன்ற நிலைகள் உள்ளவர்களின் புலன்களுக்கு இதமளிக்கும் பொருட்களைச் செய்து விற்கிறார். அவரது அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அவருடைய பொருட்களுக்கு விளம்பரம் தேடுவது என் நோக்கமன்று. "இந்த மாதிரிப் பொருட்களை வாங்கலாமா, டாக்டர்?" என்று வாரந்தோறும் யாரேனும் ஒரு பெற்றோர் கேட்கிறார். மருத்துவர்களாகிய நாங்கள் இதுவரை சொல்லிவந்த பதில் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் போதாமையை எனக்கு உணர்த்தியவர் இந்தத் தாய்தான்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அச்சிறுவன் முதன்முறை வந்தபோது அவனுக்கு வயது ஐந்து. காலையில் சீருடை அணிவிப்பதே வீட்டில் பெரும் போராட்டம். பள்ளிக்குச் சென்று சேர்ந்தபின் முதல் மணி நேரத்துக்குள் சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவான். அடங்காத பிள்ளை என்று பள்ளியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். பரிசோதித்தபோது, கழுத்துப் பட்டையின் உள்ளே தைத்திருக்கும் லேபிளும், அக்குளில் தடித்து நிற்கும் தையலும் அவனுக்குத் தாங்க முடியாத உறுத்தலாக இருப்பது தெரிந்தது. தொடுபுலனின் கூர்மை மிகுதியாக இருப்பதைத் தாய்க்கு விளக்கினேன். பிறகு ஒரு தாளில் பட்டியல் எழுதினேன்: கனமான மடித் தலையணை, கனமான போர்வை, மெல்லுவதற்கான பதக்கம், இரைச்சல் தடுக்கும் காதுறை, தையல் தடிப்பில்லாத ஆடை. அனைத்தும் ஆங்கிலத்தில். எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கே கிடைக்கும், என்ன விலை, உங்களால் வாங்க இயலுமா என்று ஒரு சொல் கேட்கவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். இது மருந்தில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பொம்மைக் கடையில் தாளையே புரிந்துகொள்ளவில்லை. உறவினர் ஒருவர் கைபேசியில் தேடிக் காட்டிய வெளிநாட்டுப் போர்வையின் விலை அவரது ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. மூன்று மாதங்கள் அவர் என்னிடம் வரவில்லை. கோப்பில் நான் எழுதிய குறிப்பு இன்றும் அப்படியே இருக்கிறது: 'ஆலோசனையைப் பின்பற்றவில்லை.'

நான்காவது மாதம் ஒரு துணிப்பையோடு வந்தார். அதில் சீருடையின் நிறத்திலேயே மெல்லிய பனியன் துணியில் ஒரு சட்டை இருந்தது. ஓவர்லாக் தையலுக்குப் பதிலாகத் தட்டையாகப் படியும் ஃபிளாட்லாக் தையல், லேபிள் கிடையாது. "வெளிநாட்டுக்குப் போற குழந்தை பனியனுக்கெல்லாம் லேபிள் தைக்க மாட்டோமுங்க டாக்டர், துணியிலயே அச்சடிச்சுருவோம். அப்ப ஏன்னு தெரியாதுங்க. தைக்கறதோட சரி. இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். என் பட்டியலில் எழுதியிருந்த ஆடையை அவர் கைகள் பல்லாயிரம் முறை தைத்திருக்கின்றன. அதைத் தம் பிள்ளைக்கும் தைக்கலாம் என்று சொல்ல யாரும் இல்லை. நான் தமிழில் ஒரு வரி பேசியிருந்தால் மூன்று மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

பையில் இருந்த மற்றொன்று மடித் தலையணை. முதலில் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டையை நிரப்பியிருந்தார். மழைக்காலத்தில் வண்டு விழுந்துவிட்டது. அடுத்து ஆற்று மணல், துவைத்தால் காயவில்லை. இறுதியில் பிளாஸ்டிக் பை செய்யும் பட்டறைகளில் பயன்படுத்தும் குருணையை வாங்கி, உள்ளே இரண்டு அடுக்குப் பை தைத்து, வெளியுறையைத் தனியே கழற்றித் துவைக்கும்படி அமைத்தார். இவ்வளவையும் அவர் செய்துபார்த்தது அந்த மூன்று மாதங்களில்.

இப்பொருட்கள் எதற்காக என்பதைச் சற்று விளக்க வேண்டும். பார்வை, செவி, மூக்கு, நாக்கு, தோல் என ஐந்து புலன்களைப் பள்ளியில் படித்தோம். உடல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்பதைத் தசைகளும் மூட்டுகளும் ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உட்செவி சமநிலையைச் சொல்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்தச் செய்திகளில் தேவையற்றவற்றை மூளை தானே ஒதுக்கிவிடும். நீங்கள் இதைப் படிக்கும்போது, உடுத்திய துணி தோலில் படுவதை உணர்ந்திருக்க மாட்டீர்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த ஒதுக்கல் நம்மைப் போல் நடப்பதில்லை. குக்கர் விசில், மிக்சி, கல்யாண மண்டபத்தின் மேளம், தீபாவளி வெடி ஆகியவை வெறும் சத்தமாக இல்லாமல் வலியாகவே சிலருக்கு வந்து சேர்கின்றன. வேறு சிலருக்கு நேர்மாறு: செய்தி போதாமல், தாமே சுழன்றும் குதித்தும் எதையாவது கடித்தும் அதைத் தேடிக்கொள்கிறார்கள். ஒரே குழந்தையிடம் இரண்டும் இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில்தான், புலன்களின் இந்த மிகையும் குறையும் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாக இடம்பெற்றன. பெற்றோர்கள் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்த செய்தி அது.

பாதிக்கப்பட்டவர்களே தமக்கான கருவியைச் செய்துகொள்வதும் புதிதல்ல. அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர். பின்னாளில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியரானவர். பதின்ம வயதில் அத்தையின் பண்ணையில், தடுப்பூசி போடுவதற்காக மாடுகளைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கும் சட்டத்தைப் பார்த்தார். அதில் அகப்பட்ட மாடுகளில் சில அமைதியடைவதைக் கவனித்து, தமக்கென மரப்பலகைகளால் அப்படியொரு கருவியைச் செய்துகொண்டார். மனிதர் அணைத்தால் அவரால் தாங்க முடியாது. இந்தக் கருவியின் அழுத்தத்தை அவரே கூட்டிக் குறைக்கலாம். கட்டுப்பாடு அவர் கையில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது? இங்கேதான் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் பிடிக்காத உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் நடந்த ஒரு நல்ல ஆய்வு 2014 இல் வெளியானது. ஆட்டிசமும் கடுமையான உறக்கக் குறைபாடும் உள்ள 67 குழந்தைகளின் விவரங்கள் அதில் ஆராயப்பட்டன. ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு வாரம் கனமான போர்வை, இரண்டு வாரம் பார்வைக்கு அதே போன்ற சாதாரணப் போர்வை. உறங்கிய நேரத்தைக் கருவி கொண்டு அளந்தபோது இரண்டுக்கும் வேறுபாடில்லை. கனமான போர்வை உறக்கத்தைக் கூட்டவில்லை. ஆனால் எந்தப் போர்வை பிடித்திருந்தது என்று கேட்டபோது, குழந்தைகளும் பெற்றோரும் கனமானதையே விரும்பினார்கள்.

இந்த முடிவை என் சக மருத்துவர்கள் சிலர் "மனப்பிரமை" என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி ஒதுக்கத் தயாராக இல்லை. உறங்கும் நேரம் கூடவில்லை என்பதால் அந்தப் போர்வையை உறக்க மருந்தாக விற்பது தவறு. படுக்கையில் கிடக்கும் நேரம் குழந்தைக்கு இதமாக இருந்தது என்றால் அந்த இதத்துக்கும் மதிப்புண்டு. மூக்குக் கண்ணாடி கண்ணைக் குணப்படுத்துவதில்லை. இருந்தும் அதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. இந்த உவமையை நானே சற்றுத் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன். கண்ணாடியின் பயனை எழுத்துப் பலகையைக் காட்டி இரண்டு நிமிடத்தில் அளந்துவிடலாம். மடித் தலையணையின் பயனை அப்படி அளக்க இயலாது. அதனால்தான் குடும்பத்தின் கவனிப்பு இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அந்தத் தாயின் தொழில் ஒரு சிகிச்சை மையத்தின் காத்திருப்பு அறையில் தொடங்கியது. மகனின் சட்டையைப் பார்த்த மற்றொரு தாய் தன் மகளுக்கும் ஒன்று கேட்டார். பிறகு பத்து, பிறகு நாற்பது. மீதமான பனியன் துணியை எடைக்கு வாங்கித் தைத்தார். இரண்டாம் ஆண்டில் வெளியூர் வியாபாரி ஒருவர் ஒரே தடவையில் ஐந்நூறு மடித் தலையணைகள் கேட்டார். துணிக்காகக் கடன் வாங்கியாகிவிட்டது. அப்போதுதான் வியாபாரி அட்டைப்பெட்டியில் அச்சிட வேண்டிய வாசகத்தை அனுப்பினார்: ஆட்டிசத்தையும் அதீதத் துறுதுறுப்பையும் குணமாக்கும் என்று.

அவர் மறுத்துவிட்டார். ஆர்டர் போயிற்று. கடன் நின்றது. அந்த வாரம் என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இது: "எம்பையனுக்கே குணமாகலீங்களே டாக்டர். அப்பறம் எப்படீங்க அப்படி எழுதறது?"

அன்று அவர் என்னிடம் ஒன்று கேட்டார். குணமாகும் என்று எழுத வேண்டாம். இது பயன்படும் என்றாவது ஒரு கடிதம் தர முடியுமா என்று. மருத்துவர் எந்த வணிகப் பொருளுக்கும் சான்று தரக் கூடாது என்ற நெறியைச் சொல்லி நான் மறுத்தேன். நெறி சரியானது. ஆனால் அவர் போனபின் வெகுநேரம் மனம் ஒப்பவில்லை. பொய் சொல்லச் சொன்னவர் பணம் தரத் தயாராக இருந்தார். உண்மை மட்டும் சொல்வேன் என்று வந்தவருக்கு நான் விதியை எடுத்துக் காட்டினேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைச் சுற்றி எத்தகைய சந்தை இருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த மறுப்பின் அருமை புரியும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் வாங்கும் இடங்கள் இந்நாட்டில் இருந்துவந்தன. தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் 2022 இல், இச்சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்றும் அதை அளிப்பது தொழில்முறைத் தவறு என்றும் அறிவிக்க வேண்டியிருந்தது. நகையை அடகு வைத்துவிட்டு என் முன் அமர்ந்த தகப்பனார்களைப் பார்த்திருக்கிறேன். 'குணம்' என்ற ஒரு சொல்லுக்காக அவர்கள் எதையும் தருவார்கள் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லை அச்சிட மறுப்பவர் யாரோ அவரிடம்தான் நான் என் நோயாளிகளை அனுப்ப விரும்புவேன்.

இனிப் பாதுகாப்பு. வீட்டில் தைத்தது, அம்மா செய்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. இதை அந்தத் தாயிடமும் நான் கடுமையாகவே சொல்லியிருக்கிறேன். 2008 இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன் பள்ளியில் கனமான போர்வையில் சுற்றப்பட்டிருந்த நிலையில் மூச்சுத்திணறி இறந்தான். அமைதிப்படுத்துவதற்கென்று சுற்றியதாகவே சொல்லப்பட்டது. கிராண்டினின் கருவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். குழந்தை தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, தானே தள்ளிவிட முடிந்தால்தான் அது உதவிப் பொருள். பிறர் சுற்றிக் கட்டினால் அது கட்டிப்போடுவதாகும். தானாக விலக்க இயலாத குழந்தைக்கும், வலிப்பு நோய் அல்லது மூச்சுக் கோளாறு உள்ள குழந்தைக்கும் இரவு உறக்கத்தில் கனமான போர்வை வேண்டாம். முகத்தின் மேல் எந்நேரமும் வேண்டாம். கைக்குழந்தைகளுக்குக் கனமான போர்வையோ உறையோ கூடவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022 இல் தெளிவாகக் கூறியிருக்கிறது.

மெல்லும் பதக்கத்தை அந்தத் தாய் செய்வதில்லை. வாயில் போடும் பொருளின் தரத்தைத் தம்மால் சோதிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். நல்ல முடிவு. கழுத்தில் மாட்டும் இத்தகைய மணிகளால் கழுத்து இறுகவும், மணி கழன்று தொண்டையில் அடைக்கவும் கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்தது. பல் முளைக்கும் குழந்தைகளோடு, ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ளவர்கள் பயன்படுத்துவதையும் அந்த எச்சரிக்கை குறிப்பிட்டது. கடிக்கும் பழக்கம் மிகுந்த பிள்ளைக்கு என்ன தரலாம் என்பதை எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சந்தையில் புலன் பொம்மை என்ற பெயரில் வருபவற்றில் எனக்கு அச்சம் தருபவை மூன்று: தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண மணிகள், சிறு காந்தக் குண்டுகள், பொத்தான் பேட்டரி. விழுங்கினால் மணி குடலுக்குள் பருத்து அடைக்கும். இரண்டு காந்தங்கள் குடல் சுவரை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். பேட்டரி சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாக ஐயம் வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

காதுறையையும் அவர் விற்பதில்லை. கேட்பவர்களிடம் "இரும்புக் கடையில மில்லுத் தொழிலாளிங்க போடற காதுறை இருக்கும், அதையே வாங்குங்க, நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்புவாராம். கடைக்காரராக நஷ்டம்தான். நான் சேர்த்துச் சொல்வது: திருவிழா, ரயில் நிலையம், வெடிச்சத்தம் போன்ற நேரங்களுக்கு மட்டும் போடுங்கள். நாள் முழுதும் மாட்டியிருந்தால் சாதாரணச் சத்தத்துக்கும் காது கூசத் தொடங்கிவிடலாம்.

அரசின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 1995 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை அங்கீகரித்து அதில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. அங்கீகாரம் வந்தது, அன்றாட உதவிப் பொருட்கள் வரவில்லை. மறுபுறம், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. மருத்துவர் என்ற முறையில் அதை வரவேற்கிறேன். ஈயம் கலந்த சாயமும் உதிரும் துண்டுகளும் என்ன செய்யும் என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் தொழிற்சாலைக்கு எளிதாக இருக்கும் ஆய்வகச் செலவும் ஆவண நடைமுறையும் முன்னறையில் தைக்கும் ஒரு தாய்க்குப் பெருஞ்சுமை. எது பொம்மை, எது உதவிப் பொருள் என்பதே அவருக்கு யாரும் சொல்லித் தெரிவதில்லை. சோதனையிலிருந்து விலக்குத் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சோதனைச் செலவை அரசோ, எங்களைப் போன்ற மருத்துவமனைகளோ ஏற்கலாம் என்கிறேன்.

வாங்குபவர்கள் எல்லோரும் குழந்தைகள் அல்லர் என்பது எனக்கும் வியப்பாக இருந்தது. கணினி நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தமக்கென்று மடித் தலையணை வாங்கினாராம். கூட்டங்களின்போது மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொள்கிறார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, யானைப் படம் போட்ட துணியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதன்பிறகு பெரிய பிள்ளைகளுக்கானவை ஒற்றை நிறத்தில், சாதாரணப் பை போலவே தைக்கப்படுகின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தை வளர்ந்து ஆட்டிசம் உள்ள பெரியவராகிறது என்பதை நாங்களே மறந்துவிடுகிறோம். எங்கள் பிரிவின் சுவர் முழுவதும் கார்ட்டூன் படங்கள்தான்.

ஆகவே "வாங்கலாமா, டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்லும் பதில் சற்று நீளமானது. குணமாகும் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். தையலை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். ஒரே சமயத்தில் நான்கு பொருட்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். எது உதவியது என்று தெரியாமலே போய்விடும். ஒன்றை எடுத்து, எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள். 'நடத்தை சீராக வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை. 'சாப்பாட்டுத் தட்டின் முன் ஐந்து நிமிடம் அமர வேண்டும்' என்று எழுதுங்கள். பொருளைத் தருவதற்கு முந்தைய சில நாட்களையும், தந்தபின் இரண்டு வாரங்களையும் நாட்காட்டித் தாளில் குறித்து வாருங்கள். புலன் சார்ந்த சிகிச்சைகளுக்கு ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லி, நாட்குறிப்பும் காலவரம்பும் வைத்துப் பயனைச் சோதிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012 இல் எங்களைப் போன்றோரைக் கேட்டுக்கொண்டது. சோதித்துப் பார்த்துப் பயனில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதில் யாருடைய தோல்வியும் இல்லை. பிள்ளை விரும்பவில்லை என்றால் இரண்டு வாரம்கூட வேண்டாம்.

அமைதியிழந்த பிள்ளையிடம் பொருளைத் திணிப்பதற்கு முன்னால், அந்த அறையில் எதை அணைக்கலாம் என்று பாருங்கள். தொலைக்காட்சியை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. அதற்குக் காசும் செலவில்லை.

அந்தச் சிறுவனுக்கு இப்போது வயது பதினொன்று. பேச்சு குறைவுதான். குணமாகவில்லை, அந்தச் சொல்லை நாங்கள் மூவரும் விட்டுவிட்டோம். மாலையில் அம்மா தைத்து முடித்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, தையலின் மேல் கட்டைவிரலால் ஓட்டிப் பார்ப்பான். தடிப்பு தட்டுப்பட்டால் இடப்பக்கம் வைத்துவிடுவான். அவை விற்பனைக்குப் போவதில்லை. என் மேசையில் இருக்கும் நீலத் தலையணை அப்படி ஒதுக்கப்பட்டதுதான். எந்த ஓரத்தில் குறை என்று நான் பலமுறை தடவிப் பார்த்துவிட்டேன், எனக்குத் தட்டுப்படவில்லை.

கடன் இன்னும் முழுதாக அடையவில்லை. அண்மையில் வங்கியில் முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்க அவர் மீண்டும் ஒரு கடிதம் கேட்டார். இம்முறை எழுதிக் கொடுத்தேன். பொருளைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. இவரது மகன் இத்தனை ஆண்டுகளாக என்னிடம் சிகிச்சை பெறுகிறான், புலன் சார்ந்த உதவி தேவைப்படும் குடும்பங்கள் இப்பகுதியில் பல உள்ளன, அவற்றுக்குத் தேவையான பொருட்கள் உள்ளூரில் கிடைப்பது அரிது என்ற மூன்று செய்திகளை மட்டும் எழுதினேன். மூன்றும் எனக்கு நேரடியாகத் தெரிந்தவை. வங்கி என்ன முடிவெடுக்கும் என்று தெரியவில்லை.

எங்கள் பிரிவில் சிறு மாற்றம் ஒன்று செய்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமைகளில் காலை எட்டு முதல் ஒன்பது மணி வரை ஒலிபெருக்கியில் டோக்கன் எண்ணை அழைப்பதில்லை. செவிலியர் நேரில் வந்து அழைப்பார். காத்திருப்பு அறையின் பின்பகுதியில் குழல்விளக்குகளில் பாதி அணைக்கப்பட்டிருக்கும். செவிலியர் மேசையில் ஒரு கூடையில் மடித் தலையணைகளும் இரண்டு காதுறைகளும் இருக்கின்றன. காத்திருக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்களும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தந்தவுடன் உறையைக் கழற்றித் துவைக்கப் போடுகிறோம். வீட்டிலிருந்து பழகிய பொருளைக் கொண்டுவருபவர்கள், பரிசோதனையின்போதும் அது பிள்ளையின் கையிலேயே இருக்கலாம் என்பதைத் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.